“பேப்பர்தானே சார்!”

எம்.கே.பி. நகரில் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரின்டர். இதுதான் என் அலுவலகம். வியாசர்பாடி சிட்கோ தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் மின்சாதனம் செய்கிறவர்களுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவுக்கும் மின்கழிவு விதிகளுக்கும் வழி சொல்வது பிழைப்பு. போன வருஷம் வீட்டு இன்வெர்ட்டர் செய்கிற ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஜி.எஸ்.டி. சான்று, உத்யம் சான்று, ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். “பி.ஐ.எஸ். எவ்வளவு, ஈ-வேஸ்ட் எவ்வளவு, ரெண்டையும் சேர்த்து ஒரு ரேட் சொல்லுங்க” என்றார்.

“இன்வெர்ட்டரைக் கொண்டு வந்தீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அது எதுக்கு? பேப்பர்தானே சார்!”

இந்த இரண்டு சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் மறுக்கப் போகிறேன். இது அவர் ஒருவரின் கருத்து இல்லை. பட்டறை முதலாளி சொல்கிறார், அவருடைய ஆடிட்டர் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார்கள். சான்று என்பது ஒரு சுங்கச்சாவடி, காசைக் கட்டினால் கம்பம் தூக்கும், வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை என்று நம்புகிறார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் கஞ்சி போட்டுத் தேய்த்துச் சொல்வார்கள்: லைசென்ஸ் ராஜ் திரும்பி வந்துவிட்டது, டெல்லியில் எழுதும் விதிகள் சிறுதொழிலின் கழுத்தை நெரிக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சோறு போடுவது அந்தப் பேப்பர்தான். எல்லோரும் “பேப்பர்தானே” என்று நம்பிக்கொண்டிருந்தால் லாபம் எனக்கு. அப்படியும் இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுத் திட்டத்தில் அதிகாரி வந்து பட்டறையைப் பார்த்துவிட்டுப் பதிவு தருவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது, அறிக்கை வருகிறது, “என் பொருள் தரப்படி இருக்கிறது” என்று உற்பத்தியாளரே உறுதிமொழி தருகிறார், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் கிடைக்கிறது. நம் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே வாயில் ‘ஐ.எஸ்.ஐ.’ என்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குத் தொழிற்சாலையையே வந்து பார்க்க வேண்டும், இதற்கு வேண்டாம். ஆகவே ஆய்வகத்துக்கென்றே ஒரு பொருளைப் பொன்போலச் செய்து அனுப்புவதும், கடைக்கு வேறொன்றை அனுப்புவதும் நடக்கிறது. தொழிலில் அதற்குப் பெயரே ‘கோல்டன் சாம்பிள்’.

மின்கழிவிலும் அப்படித்தான். 2016 விதிகள், உற்பத்தியாளரே பழைய பொருளைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்றன. 2022 நவம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து அதற்கான சான்றிதழை இணையத்தில் வாங்கிக் கணக்கில் காட்டினால் போதும். சான்றிதழ் சரக்கானால் போலிச் சரக்கும் வரும். பிளாஸ்டிக் கழிவுக்கு இதேபோன்ற ஏற்பாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. இதையெல்லாம் பார்த்தவர் “பேப்பர்தானே” என்றால் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது.

ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தப்பு. தராசில் கல்லை மாற்றி வைக்கிறவன் இருக்கிறான் என்பதற்காக எடை என்பதே பொய்யாகிவிடுமா?

அந்த இன்வெர்ட்டரைப் பிறகு பார்த்தேன். நான் கேட்டதற்காக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினோம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்கில் வரிசையாக மாஸ்ஃபெட்டுகள், ஒரு ரிலே, ஒரு போர்டு. கைவேலை சுத்தம். போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஓர் இடத்தில் கண் நின்றது. 230 வோல்ட் ஓடும் தடமும் கன்ட்ரோல் பக்கத் தடமும் ஒன்றை ஒன்று உரசாத குறையாக அடுத்தடுத்து ஓடின. அங்கே ஏறத்தாழ ஓர் அரிசி நீளம் இடைவெளி வேண்டும். இருந்தது அரைநொய் அளவு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். வடசென்னையில் அதோடு கடல் உப்பும், லாரி கிளப்பும் புழுதியும் சேரும். இரண்டு மழைக்காலம் போனால் அந்த அரைநொய் இடைவெளியில் அழுக்கும் ஈரமும் படிந்து மின்சாரம் அதன்மேல் நடந்துபோகும். பிறகு சுவிட்சைத் தொடும் கை யாருடையது என்பது அவரவர் தலையெழுத்து.

ஆய்வகத்தில் ‘ஹைபாட்’ என்று ஒரு சோதனை உண்டு. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். மின்கசிவை அளப்பார்கள், எர்த் சரியாகத் தொடர்கிறதா என்று பார்ப்பார்கள், முழுச் சுமையில் ஓடவிட்டுச் சூட்டை அளப்பார்கள். இன்வெர்ட்டருக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் உரிய ஐ.எஸ். 16242 என்ற தரத்தின் சாரமே இதுதான்: வீட்டில் ஆள் சாகக் கூடாது, வீடு எரியக் கூடாது. இதில் எந்தப் பக்கம் ‘பேப்பர்’?

அந்தத் தடத்தை நகர்த்த போர்டு வரையும் பையனுக்கு அரைநாள் வேலை. அச்சடிப்பதற்கு முன்னால் வந்திருந்தால் செலவு ஒரு டீயும் ஒரு போனும்தான். ஆயிரம் போர்டு அச்சடித்து அடுக்கிய பிறகு வந்தால் அது ஆயிரம் போர்டின் விலை. “பி.ஐ.எஸ். செலவு தாங்க முடியவில்லை” என்று வருகிற புலம்பலைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் பதிவுக் கட்டணத்தைவிடத் தாமதத்துக்குக் கட்டிய தண்டமே அதிகம். சான்றைக் கடைசி வேலையாக வைத்தவருக்கு அது சுமை. முதல் நாளே போர்டு வரையும்போது தரப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தவருக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு.

அடுத்த வாதம் வலுவானது. “நாங்கள் குறுந்தொழில். மின்கழிவு விதியே எங்களை விட்டுவிட்டது, நீ ஏன் இழுக்கிறாய்?” சட்டப்படி இது சரி. குறு நிறுவனங்களுக்கு 2022 விதிகள் பொருந்தாது. 2025 ஏப்ரல் முதல் இரண்டரைக் கோடி முதலீடு, பத்துக் கோடி விற்றுமுதல் வரை குறுந்தொழில்தான். எங்கள் பகுதிப் பட்டறைகளில் பலவும் இதற்குள் அடங்கும். (பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவில் இந்தச் சலுகை கிடையாது. பலருக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டிலிருந்தும் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

ஆனால் விதியிலிருந்து விலக்குக் கிடைத்ததால் ஈயத்திலிருந்தும் விலக்குக் கிடைத்துவிடுமா? அதே விதிகளில் நச்சுப் பொருட்களுக்கு வரம்பு உண்டு. ஈயம், பாதரசம், ஆறிணைதிறன் குரோமியம், தீத்தடுப்புக்குச் சேர்க்கும் இருவகை புரோமின் சேர்மங்கள் ஆகியவை 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது, காட்மியம் 0.01 சதவீதம். இதைப் பொருளின் மொத்த எடையில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஒருசீரான பகுதியிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சால்டர் துளி ஒரு தனிப் பகுதி. எங்கள் பட்டறைகளில் சுருள் சுருளாகக் கிடக்கும் ‘60/40’ சால்டரில் 40 சதவீதம் ஈயம். கணக்கைப் போட்டுப் பாருங்கள், வரம்பைப் போல் 400 மடங்கு. ஈயமில்லாச் சால்டர் இல்லாமல் இல்லை. வெள்ளி சேர்த்தது விலை கூடுதல். வெள்ளீயத்தில் கொஞ்சம் செம்பு மட்டும் சேர்த்த வகை அந்த அளவுக்கு விலை இல்லை. சிக்கல் சூட்டில் இருக்கிறது. ஈயச் சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும், செம்பு வகை 227 டிகிரியில்தான் உருகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன் வேண்டும், கை கொஞ்சம் பழக வேண்டும். யாராவது ஒருவர் பட்டறைக்கே வந்து ஒரு வாரம் பக்கத்தில் நின்று சொல்லித்தரவேண்டிய விஷயம் இது.

விதி விட்டாலும் வாங்குகிறவர் விடமாட்டார். விதிப்படி ‘உற்பத்தியாளர்’ என்பவர் தன் பிராண்டில் விற்பவர். குறும்பட்டறையிடம் போர்டு வாங்கித் தன் பெயரை ஒட்டுகிற நிறுவனம், ஈய அளவு அறிக்கையை அந்தப் பட்டறையிடம்தான் கேட்கும். ஏற்றுமதி என்றால் கேள்வியே இல்லை; ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. 2024-25-ல் தமிழ்நாடு 1,400 கோடி டாலருக்கு மேல் மின்னணுப் பொருட்களை ஏற்றுமதி செய்தது. அந்த ஆற்றிலிருந்து ஒரு வாய்க்காலாவது வியாசர்பாடிப் பக்கம் திரும்ப வேண்டும் என்றால், ‘எனக்கு விலக்கு உண்டு’ என்ற சான்று அதற்கு உதவாது.

சிறுதொழிலை விதி நசுக்குகிறது என்பது மூன்றாவது வாதம். இந்தக் குற்றச்சாட்டை வைப்பவர்கள் தேதிகளைப் பார்ப்பதில்லை. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை வந்தது 2012 அக்டோபரில். முதல் பட்டியலில் இருந்த 15 பொருட்களில் இன்வெர்ட்டர் இல்லை; 2014 நவம்பரில் வந்த இரண்டாம் பட்டியலில்தான் அது சேர்ந்தது. ஆணை வந்த 2012-ல்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது; சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. தெருவுக்குத் தெரு இன்வெர்ட்டர் பட்டறை முளைத்தது அந்த இருட்டில்தான். விதியும் தொழிலும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். மின்சாரம் சீரான பிறகு பல பட்டறைகள் மூடின. அவற்றை மூடியது பி.ஐ.எஸ். இல்லை; மழைநாளில் புகைந்த இன்வெர்ட்டருக்கும், அதைச் சொல்லிச் சொல்லிப் பரப்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சிறியவரைச் சந்தையில் உண்மையாக அடிப்பது யார்? முத்திரையே இல்லாமல் வருகிற மலிவுச் சரக்கு. 2025 மார்ச்சில் பி.ஐ.எஸ். சென்னை அலுவலக அதிகாரிகள் ஜி.என்.டி. சாலையில் புதுவாயலில் இருக்கும் அமேசான் கிடங்கில் சோதனை போட்டு, உரிய முத்திரை இல்லாத 3,000-க்கும் மேற்பட்ட பொருட்களைக் கைப்பற்றினார்கள். தண்ணீர் பாட்டில், சீலிங் ஃபேன், பொம்மை எல்லாம் அதில் இருந்தன. அதே விதியைக் குறும்பட்டறைக்காரர் தன் கழுத்துக் கயிறு என்கிறார். அது அவருடைய வேலியும்கூட. வேலியைப் பிடுங்கினால் முதலில் மேயப்படுவது யாருடைய வயல்?

விதிகளுக்கு எதிராக உரக்கக் குரல் கொடுப்பவர்கள் சிறியவர்களா என்றும் பார்க்க வேண்டும். மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்கு இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்று 2024-ல் குறைந்தபட்ச விலை வைத்தார்கள்: வீட்டு மின்சாதனங்களுக்கு 22 ரூபாய், ஸ்மார்ட்போனுக்கு 34 ரூபாய். எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனவர்கள் டைக்கின், ஹாவெல்ஸ், வோல்டாஸ், சாம்சங், எல்ஜி. ஐம்பது கிலோ குளிர்சாதனப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் 22 ரூபாய் வீதம் 1,100 ரூபாய். இப்போதைய இலக்கு 70 சதவீதம்தான் என்பதால் 770. இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் இது நூற்றுக்கு மூன்று. பண்டிகைத் தள்ளுபடியில் இதைவிட அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள். விலையை அரசு நிர்ணயிக்கலாமா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ‘சிறுதொழில் செத்துவிடும்’ என்ற அழுகுரலைப் பெரியவர்களின் வழக்குக்குப் பின்பாட்டாக்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

கடைசியாக, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சமாதானம்: “நம்ம ஊர்ல எதுவும் வீணாகாது சார், காயலான் கடை இருக்கு.” பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த ஊர் இது. உதவாத பொருளைப் ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று சொல்லியே வளர்ந்தோம். அந்தப் பேரீச்சம்பழக்காரர் இரும்பையும் பித்தளையையும் வாங்கினார். அவற்றில் நஞ்சு இல்லை. சர்க்யூட் போர்டுக்கும் அதே மரியாதை செய்கிறோம். 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. எல்லாம் ஈயக் கண்ணாடியுள்ள பிக்சர் டியூப். அந்தப் பெட்டிகள் எங்கே போகும் என்று கேட்க அன்று ஒரு விதிகூட இல்லை. இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகளே 2012 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. போர்டை ஸ்டவ்வில் வாட்டிப் பாகங்களை உதிர்ப்பது, வயரைக் கொளுத்திச் செம்பெடுப்பது, டியூப்பை உடைத்துக் கழுத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கொட்டுவது, இதுதான் நாம் பெருமைப்படும் மறுசுழற்சி. புகையை மூச்சிழுக்கிறவர் இதைச் செய்வது கூலிக்காக. குற்றவாளிக் கூண்டில் அவரை நிறுத்த மாட்டேன். ஈயத்தைப் போர்டில் வைத்தது அவர் இல்லையே.

எங்கள் பகுதியின் விசேஷம், பொருள் பிறக்கும் இடமும் சாகும் இடமும் கூப்பிடு தூரத்தில் இருப்பது. சிட்கோவில் சால்டர் வைக்கிறார்கள். எருக்கஞ்சேரி சாலைப் பக்கம் காயலான் கடையில் உரிக்கிறார்கள். மிச்சம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செய்பவருக்குத் தன் பொருளின் முடிவு கண்ணில் படாது. எங்கள் பட்டறைக்காரர் மாடியில் நின்றால் தெரியும். 1990-ல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ என்ற கருத்தை முன்வைத்தபோது அதன் உயிர்நாடி இதுதான்: சாவின் செலவைப் பிறப்பிக்கிறவர் ஏற்றால் அவர் வேறு மாதிரிச் செய்வார். பசைக்குப் பதில் ஸ்க்ரூ போடுவார், பிரித்தெடுக்கத் தோதாக வடிவமைப்பார்.

இந்திய விதிகளின்மேல் எனக்குள்ள கோபமும் இங்கேதான். பசை ஊற்றி மூடியதற்கும் நாலு ஸ்க்ரூவில் திறப்பதற்கும் கிலோ கணக்கு ஒன்றே. சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று நாலு உலோகத்தை எண்ணுகிறது, ஈயத்தை எண்ணுவதில்லை. ஆகவே என் புகார், விதி அதிகம் என்பது இல்லை, எண்ண வேண்டியதை எண்ணவில்லை என்பது. எண்ணாமல் போவதும் கொஞ்சம் இல்லை: உலகம் 2022-ல் கொட்டிய 6.2 கோடி டன் மின்கழிவில் முறைப்படி மறுசுழற்சியானதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். இந்தியாவில் மின்கழிவு 2019-20-ல் 10 லட்சம் டன், 2023-24-ல் 17.5 லட்சம் டன்.

அப்படியானால் உற்பத்தியாளருக்கு உதவுவது என்றால் என்ன? “ஒரு வாரத்தில் நம்பர் வாங்கித் தருகிறேன்” என்று போர்டு மாட்டுவது உதவி இல்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கோப்பைத் திறப்பதற்கு முன் பொருளைத் திறந்து பாருங்கள். அரசுக்கு: இணையப் படிவங்களைத் தமிழிலும் கொடுங்கள். வியாசர்பாடி போன்ற பழைய பேட்டையில் ஒரு ஹைபாட் கருவியும், ஈயம் அளக்கும் கைக்கருவியும், அவற்றை இயக்கத் தெரிந்த ஒருவரும் உள்ள பொது அறையைத் திறங்கள். சங்கங்களுக்கு: கெடு நீட்டிக்கச் சொல்லி மனு எழுதும் நேரத்தில் பாதியை அந்த அறைக்காகச் செலவிடுங்கள்.

அந்த இன்வெர்ட்டர்காரர் தடத்தை நகர்த்தினாரா என்று கேட்பீர்கள். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று போனவர் திரும்பி வரவில்லை. வேறு யாரிடமோ முடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் முன்பு, பழைய பேப்பர் போட எனக்குப் பழக்கமான காயலான் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றின கம்பியைக் கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே செம்பு நிற வார்னிஷ், உள்ளே வெள்ளை.

“பாருங்க சார், காப்பர்னு எடை போட்டு வாங்கிட்டேன். அலுமினியம்.”

பக்கத்தில் மூடி கிடந்தது. பெயரைப் பார்த்தேன், அந்த இன்வெர்ட்டர்காரருடையதுதான். ‘நூறு சதவீதம் காப்பர்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே பி.ஐ.எஸ். பதிவு எண், ஒரு கீறல் இல்லாமல். ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் செம்பு இருந்திருக்கும்.

கடைக்காரர் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஸ்டிக்கராவது நெசமா சார்?”

“ஸ்டிக்கர் நெசம்தாண்ணே” என்றேன்.